சென்னை புழுக்கத்துல பக் நாயை எப்படி வாக்கிங் கூட்டிட்டு போறது

எங்க வீட்டு பக் லட்டுவுக்கு அப்போ ஒன்றரை வயசு. ஜூன் மாசம், முந்தின நாள் ராத்திரி இடியோட நல்ல மழை பெஞ்சிருந்துச்சு, காலைல ஆறரை மணிக்கு வெளிய பாத்தா மேகமூட்டம், வெயிலே இல்ல, தரையெல்லாம் ஈரம், சரி இன்னைக்கு நல்லா இருக்கு கொஞ்சம் தூரமா போலாம்னு கிளம்பிட்டேன். நாலு தெரு தாண்டி ஆவின் பூத் வரைக்கும் துள்ளிக்கிட்டே தான் வந்தான். திரும்பும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு. எப்பவும் விடுற குறட்டை மாதிரி இல்ல, ரம்பத்தால மரம் அறுக்குற மாதிரி. குனிஞ்சு பாத்தா நாக்கு அகலமா தொங்குது, நுனி கரண்டி மாதிரி வளைஞ்சிருக்கு, கலர் நாவப்பழம் தின்ன வாய் மாதிரி ஆயிடுச்சு. அடுத்த நிமிஷம் நாலு காலையும் பரப்பிட்டு தரைல படுத்துட்டான். நான் அப்படியே வாரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடப் பாத்தேன். டீக்கடை அண்ணன் தான், "தம்பி தூக்காத, மொதல்ல தண்ணி ஊத்து"ன்னு கேன் தண்ணிய கொண்டு வந்து ஊத்தினாரு, அங்க டீ குடிச்சிட்டு இருந்தவங்க பேப்பரால விசிறினாங்க. பத்து நிமிஷத்துல எழுந்து உக்காந்தான். அங்கேருந்து நேரா டாக்டர்கிட்ட. அவங்க எல்லாம் செக் பண்ணிட்டு கேட்டாங்க, "வெயில் இல்லையேன்னு தான கூட்டிட்டு போனீங்க தம்பி? இவனுக்கு வெயில விட புழுக்கம் மோசம்."

லட்டுவுக்கு இப்போ ஆறு வயசு. அந்த நாளுக்கு அப்புறம் ஒரு தடவை கூட அப்படி ஆகல, ஆனா ஒரு நாள் கூட அவன சும்மா உக்கார வைக்கவும் இல்ல, முடிஞ்ச நாள்ல வெளிய நடக்குறான், முடியாத நாள்ல வீட்டுக்குள்ள விளையாடுறான், எடை ஏழரை கிலோவ தாண்டல. இதுக்காக நான் என்னென்ன கத்துக்கிட்டேனோ அத எல்லாம் இங்க எழுதுறேன். பக் மட்டும் இல்ல, ஷி சூ, பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர், பெக்கினீஸ் எதுவா இருந்தாலும் மூஞ்சி தட்டையா இருந்தா இது பொருந்தும். நான் டாக்டர் இல்ல, உங்க டாக்டர் வேற சொன்னா அதக் கேளுங்க.

மூஞ்சி தட்டையா இருந்தா என்ன ஆகுது

நமக்கு சூடானா உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்கு பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவு தான். மத்தபடி மூச்சு தான் அதுக்கு ஃபேன், ஏசி எல்லாமே. நாக்கு, வாய், மூக்குக்குள்ள இருக்குற ஈரம் மேல காத்து வேகமா போய் வரும்போது அந்த ஈரம் ஆவியாகி சூட்ட எடுத்துட்டு போகுது. நீட்டு மூக்கு நாய்க்கு இதுக்கு நிறைய இடம் இருக்கு. பக்குக்கு எலும்பு தான் சின்னதாச்சு, உள்ள இருக்குற சதை அதுக்கு ஏத்த மாதிரி சின்னதாகல, பெரிய தலகாணிய சின்ன உறைக்குள்ள திணிச்ச மாதிரி எல்லாம் நெருக்கிக்கிட்டு இருக்கு. மூக்கு ஓட்டை வெறும் கோடு மாதிரி, உள்நாக்குப் பக்கம் இருக்குற மெல்லண்ணம் நீளமா போய் மூச்சுக் குழாய் வாசல அடைக்குது. இது மொத்தத்துக்கும், அதாவது தட்டை மூஞ்சியால வர்ற மூச்சு வழி அடைப்புக்கு, டாக்டருங்க பிஓஏஎஸ்னு (BOAS) சொல்லுவாங்க.

இதுல ரொம்ப முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. ரோஸ்மில்க் குடிக்கும்போது ஸ்ட்ராவ லேசா நசுக்கிட்டு வேகமா உறிஞ்சிப் பாருங்க, ஸ்ட்ரா இன்னும் ஒட்டிக்கும். அதே தான் இங்கயும். நாய் கஷ்டப்பட்டு வேகமா இழுக்க இழுக்க தொண்டை சதை உள்ள இழுபட்டு வீங்குது, வீங்கினதும் வழி இன்னும் குறுகுது, குறுகினதும் இன்னும் பலமா இழுக்குது, இழுக்குற வேலையே உடம்புல சூட்ட ஏத்துது. அதனால தான் ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் நல்லா இருந்த நாய் திடீர்னு சரியுது. அந்தச் சுத்து ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும், மொத்த விஷயமும் அதுல தான் இருக்கு.

ஆனா நாயா நிறுத்தாது. 2003ல வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்துல ஒரு பக் சின்னப் பையன் பின்னாடியே எங்க போனாலும் போகும், இன்னைக்கும் நம்ம ஊர்ல பாதி பேரு ஹட்ச் நாய்னு தான் சொல்றாங்க. அந்த குணம் நிஜம். நீங்க நடந்தா பின்னாடியே வரும், முடியலன்னாலும் வரும். அதுக்காக நிறுத்த வேண்டியது நாம தான்.

இங்கிலாந்துல டாக்டர்களோட கேஸ் ரெக்கார்ட வச்சு 2020ல வந்த ஆய்வுல, லாப்ரடாரோட பாத்தா சூட்டால பாதிக்கப்படுற வாய்ப்பு பக்குக்கு 3 மடங்குக்கு மேல, பிரெஞ்சு புல்டாக்குக்கு 6 மடங்குக்கு மேல, புல்டாக்குக்கு கிட்டத்தட்ட 14 மடங்கு. அதோட, பாதிக்கப்பட்ட கேஸ்ல நாலுல மூணு கிட்ட காருக்குள்ள பூட்டி வச்சதால வந்தது இல்ல, நடை, ஓட்டம், விளையாட்டுனு உடம்ப அசைச்சதால வந்தது. அதுவும் அந்தக் குளிர் நாட்டுல!

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி

மொதல்ல உங்க நாயோட மூச்சு எப்படின்னு தெரிஞ்சிக்கோங்க. நல்லா தூங்கும்போது வயிறு ஏறி இறங்குறத ஒண்ணுன்னு வச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. 30க்கு உள்ள இருக்கணும். அதுக்கு மேல தினமும் இருந்தா வாக்கிங் பத்தி யோசிக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. உக்காந்துக்கிட்டே தூங்குறது, பொம்மைய வாயில கவ்விக்கிட்டே தூங்குறது, தலைய எதாவது மேல தூக்கி வச்சிட்டு தூங்குறது, தூக்கத்துல மூச்சு நின்னு திடுக்குனு முழிக்குறது, இதெல்லாம் பாக்க அழகா இருக்கும், வீடியோ எடுப்போம், ஆனா நிறைய நேரம் வழிய திறந்து வச்சிக்க அது படுற பாடு. குறட்டைய "பக்னா அப்படித் தான்"னு விட்டுடாதீங்க. நானும் ஒன்றரை வருஷம் அப்படித் தான் நெனச்சேன்.

டாக்டர்கிட்ட போனா ஸ்டெத் வச்சு தொண்டைய கேக்க சொல்லுங்க, அதுவும் சும்மா இருக்கும்போது ஒரு தடவை, கொஞ்சம் வேகமா நடக்க வச்சிட்டு ஒரு தடவை. கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியும் பிரிட்டன் கென்னல் கிளப்பும் சேந்து 2019ல கொண்டு வந்த முறை இது தான், 3 நிமிஷம் வேகநடை, முன்னாடியும் பின்னாடியும் சத்தம் கேட்டு 0லேருந்து 3 வரைக்கும் கிரேடு போடுவாங்க. சும்மா இருக்கும்போது தெரியாத அடைப்பு நடந்தா தான் வெளிய வரும். மூக்கு ஓட்டைய அகலப்படுத்துற ஆபரேஷன், மெல்லண்ணத்த குறைக்குற ஆபரேஷன் ரெண்டும் இருக்கு, தேவைப்பட்டா சின்ன வயசுலயே பண்றது நல்லது, ஏன்னா வருஷக்கணக்கா இழுத்து இழுத்து குரல்வளையே தளந்து போயிட்டா அப்புறம் சரி பண்றது கஷ்டம். லட்டுவுக்கு மூக்கு மட்டும் பண்ணினோம். பண்ணின ஒரு மாசத்துல அவன் மதியம் தூங்குற சத்தமே மாறிடுச்சு, எங்க அம்மா ரெண்டு மூணு தடவை பக்கத்துல போயி மூச்சு இருக்கான்னு கை வச்சுப் பாத்தாங்க. எங்க காட்டுறதுன்னு தெரியலன்னா வேப்பேரில மெட்ராஸ் வெட்டரினரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு.

அப்புறம் எடை. பக்குக்கு சரியான எடை 6.3லேருந்து 8.1 கிலோ வரைக்கும். நம்ம ஊர்ல 11, 12 கிலோ பக் சாதாரணமா பாக்குறோம். கழுத்துக்குள்ள சேருற கொழுப்பும் அதே மூச்சு வழியத் தான் நெருக்குது, நெஞ்ச சுத்தி சேருறது நெஞ்ச விரிய விடாது, தோலுக்கு அடியில சேருறது சூட்ட வெளிய விடாது. விலா மேல கை வச்சு லேசா தடவினா எலும்பு எண்ண முடியணும், மேலேருந்து பாத்தா இடுப்பு தெரியணும். குண்டான நாய நடக்க வச்சு இளைக்க வைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அது தான் ரொம்ப ஆபத்து, மொதல்ல சாப்பாட்ட குறைங்க, எடை இறங்க இறங்க நடைய கூட்டுங்க. டீ குடிக்கும்போது ஆளுக்கு ஒரு மேரி பிஸ்கட் நீட்டுவோம் இல்ல, வீட்டுல அஞ்சு பேரு இருந்தா நாய்க்கு அஞ்சு பிஸ்கட். அதுக்கு பதிலா வெள்ளரிக்கா, கேரட் துண்டு குடுங்க. திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது.

எந்த நேரம், எந்த தரை

வெளிநாட்டு கைடு எல்லாம் படிச்சா 20 டிகிரிக்கு மேல ஜாக்கிரதை, 24க்கு மேல தட்ட மூஞ்சி நாய வெளிய கூட்டிட்டு போகாதன்னு இருக்கும். சென்னைல ஜனவரி விடியக்காலைல கூட 20, 21 தான் இருக்கும். அந்த நம்பர பிடிச்சிக்கிட்டா நம்ம நாய் வருஷம் பூரா வீட்டுக்குள்ளயே தான் கிடக்கணும். இங்கயே பொறந்து வளந்த நாய் ஓரளவுக்கு பழகியும் இருக்கும். அதனால நம்பர அப்படியே எடுத்துக்காதீங்க, ஆனா அது சொல்ற பயத்த எடுத்துக்கோங்க.

நான் பாக்குறது மூணு. ஒண்ணு வெயில், ரெண்டு காத்துல இருக்குற ஈரப்பதம், மூணு காத்து வீசுதா இல்லையான்னு. போன்ல வெதர் பாக்கும்போது டெம்பரேச்சர மட்டும் பாத்துட்டு மூடிடுவோம், கீழ ஹியூமிடிட்டின்னு ஒண்ணு போட்டிருப்பான், அதப் பாருங்க. மழை பெஞ்ச மறுநாள் காலைல அது 85, 90னு காட்டும். காத்துல ஏற்கனவே ஈரம் ரொம்பி இருந்தா நாய் நாக்குல இருக்குற ஈரம் ஆவியாகாது, துணி காயாத நாள்ல நாய் உடம்பும் ஆறாதுன்னு வச்சிக்கோங்க. அன்னைக்கு லட்டுவுக்கு நடந்தது அது தான். கொடில போட்ட துணி ராத்திரி முழுக்க காயலன்னா அன்னைக்கு காலைல நாங்க கேட் வரைக்கும் தான்.

கத்திரி வெயில், அதாவது மே 4 வாக்குல ஆரம்பிச்சு மே கடைசி வரைக்கும், விடியக்காலைல அஞ்சு மணிக்கு பாத்ரூம் போறதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம், ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு அஞ்சு நிமிஷம், அவ்வளவு தான். சாயங்காலம் ஆறு மணிக்கு சூரியன் இறங்கிடுச்சேன்னு கூட்டிட்டு போகாதீங்க, பகல் பூரா வெயில் குடிச்ச தார் ரோடும் சிமெண்டும் அப்போ தான் சூட்ட கக்கிட்டு இருக்கும், நாயோட வயிறு தரைலேருந்து ஒரு சாண் தான், நமக்கு தெரியுற சூடு வேற அதுக்கு தெரியுற சூடு வேற. மொட்டை மாடியும் அதே கதை தான், எட்டு மணிக்கு கூட வெறும் கால்ல நின்னு பாருங்க. காத்து 25 டிகிரி இருக்குற நாள்லயே வெயில் படுற தார் ரோடு 50 டிகிரிய தாண்டிடும். புறங்கைய தரைல வச்சு ஏழு செகண்ட் தாக்குப் பிடிக்க முடியலன்னா நாய் கால் வைக்க வேண்டாம். நிழலா மரம் இருக்குற மண்ணு தரை தான் பெஸ்ட்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி தான் நம்ம பக்குக்கு சீசன். மார்கழி காலைல கோலம் போட்டிருக்குற தெருவுல லட்டு நடக்குற நடைய பாக்கணும், அவன் வேற நாய் மாதிரி இருப்பான். அந்த மாசங்கள்ல காலைல 20 நிமிஷம், சாயங்காலம் 20 நிமிஷம் தாராளமா நடக்குறோம். ஆனா போகி அன்னைக்கு மட்டும் கிடையாது. டயரும் பழைய பாயும் எரிக்குற புகை நமக்கே தொண்டைய அடைக்கும், ஏற்கனவே பாதி அடைச்ச தொண்டைக்கு அது என்ன பண்ணும்னு நினைச்சுப் பாருங்க. தீபாவளி நாட்கள்லயும் வீட்டுக்குள்ள தான், புகை ஒரு பக்கம், வெடிக்கு பயந்து படபடன்னு இரைக்குறது இன்னொரு பக்கம்.

பாடி பெல்ட்

கழுத்து பெல்ட்ல செயின மாட்டாதீங்க. பேரும் போன் நம்பரும் எழுதின தகடு தொங்க விட ஒரு லூசான பெல்ட் போட்டுக்கலாம், ஆனா இழுக்குறதுக்கு பாடி பெல்ட் தான். காரணம் ரெண்டு. ஏற்கனவே குறுகின மூச்சுக் குழாய வெளியேருந்தும் நெரிக்கக் கூடாது. இன்னொண்ணு கண்ணு. பக்குக்கு கண்குழி ஆழமே கிடையாது, கழுத்த பலமா இழுத்தா கண்ணு முழி வெளிய பிதுங்கி வர வாய்ப்பு இருக்கு, படிக்கவே கஷ்டமா இருக்கும் ஆனா தெரிஞ்சிக்கணும். பாடி பெல்ட் வாங்கும்போது முன்பக்கம் ஒய் மாதிரி நெஞ்செலும்பு மேல உக்காருறதா பாருங்க, குறுக்க தொண்டைல பட்டை வர்றது வேண்டாம். அக்குளுக்கு கீழ ரெண்டு விரல் நுழையணும். மெத்து மெத்துன்னு முதுகையே மூடுற ஜாக்கெட் மாதிரி வர்றது குளிர் நாட்டுக்கு சரி, நமக்கு வலை மாதிரி இருக்குறதோ வெறும் பட்டையோ போதும். வாய இறுக்கி மூடுற மஸில் எந்தக் காரணத்துக்கும் போடாதீங்க, இரைக்க வாய் திறந்தே ஆகணும்.

நடக்கும்போது

சாப்பிட்ட உடனே கிளம்பாதீங்க, இந்த நாய்ங்களுக்கு சாப்பிட்டது மேல வர்ற தொந்தரவு அதிகம், இரைக்கும்போது அது மூச்சுக் குழாய்க்குள்ள போனா நிமோனியா வரைக்கும் கொண்டு போயிடும். மொதல்ல நடை, அப்புறம் மூச்சு முழுசா அடங்கினதும் சாப்பாடு. கைல ஒரு பாட்டில் தண்ணி, ஒரு சின்ன கிண்ணம், ஒரு துண்டு, இது இல்லாம நான் தெருமுனைக்கு கூட போறதில்ல.

மொதல் அஞ்சு நிமிஷம் மோப்பம் பிடிச்சிக்கிட்டே மெதுவா நடக்க விடுங்க. தினமும் ஒரே மின்கம்பத்துல என்னத்த அஞ்சு நிமிஷம் மோக்குறான்னு இழுத்துட்டு போகாதீங்க, அவனுக்கு அது தான் வாக்கிங்கோட பெரிய சந்தோஷம், மூளைக்கும் அது நல்ல வேலை. அதுக்கப்புறம் ஒரு நாலஞ்சு நிமிஷம் சாதாரண நடை, நிழல்ல நின்னு ரெண்டு வாய் தண்ணி, திரும்ப நாலஞ்சு நிமிஷம். ரொம்ப இரைக்கும்போது கிண்ணம் நிறைய தண்ணி வைக்காதீங்க, மடக்கு மடக்குன்னு குடிச்சு புரையேறும் இல்ல வாந்தி எடுக்கும்.

போற தூரத்த கணக்குப் போடும்போது திரும்பி வர்ற தூரத்தயும் போடுங்க. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா நிறைய பேரு நாய் களைக்குற வரைக்கும் ஒரே திசைல போயிட்டு அப்புறம் திரும்புறாங்க. நான் இப்போ வீட்ட சுத்தி சுத்தி தான் போறேன், எந்த நேரமும் வீடு ரெண்டு நிமிஷ தூரத்துல இருக்குற மாதிரி.

சத்தத்த காது குடுத்து கேட்டுக்கிட்டே வாங்க, போன்ல பேசிக்கிட்டே நடந்தா இது தெரியாது. உங்க நாயோட வழக்கமான சத்தம் எதுன்னு உங்களுக்குத் தான் தெரியும். அது மாறினா நில்லுங்க. குறட்டை கரகரன்னு ஆகுறது, விசில் மாதிரி வர்றது, நாக்கு அகலமாகி நுனி மேல வளையுறது, வாயோட ரெண்டு ஓரமும் பின்னாடி இழுத்து சிரிக்குற மாதிரி தெரியுறது (அது சிரிப்பு இல்ல), வேகம் குறையுறது, நிழல பாத்து ஒதுங்குறது, வெள்ளை நுரை கக்குறது, இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கு வாக்கிங் முடிஞ்சது. நின்னு அஞ்சு நிமிஷத்துல குறைய ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல மூச்சு அடங்கணும். அடங்கினாலும் தூக்கிட்டு வீட்டுக்கு வாங்க, திரும்ப நடக்க விடாதீங்க. அடங்கவே 15, 20 நிமிஷம் ஆகுதுன்னா நீங்க நடந்த தூரம் அதுக்கு அதிகம், அடுத்த நாள் பாதி தான்.

பந்து தூக்கிப் போட்டு எடுத்துட்டு வர சொல்றது வேண்டாம். நடக்கும்போது கூட களைச்சா நிக்கும், பந்துன்னா நிக்காது, இருபதாவது தடவையும் அதே வெறியோட ஓடும். பைக்க ஓட்டிக்கிட்டே செயின கைல பிடிச்சு ஓட வைக்குறத எங்க ஏரியால ஒருத்தர் பண்ணிட்டு இருந்தாரு, நான் போயி கெஞ்சி கேட்டு நிறுத்தினேன். பக்கத்து வீட்டு லாப்ரடாரோட விளையாட விடலாம், ஆனா ரெண்டு நிமிஷம் விளையாட்டு, பிரிச்சு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட். தெரு நாய் கூட்டம் இருக்குற தெருவ மாத்திட்டு போங்க, குலைச்சு குலைச்சு டென்ஷன் ஆனாலே ஓடினதுக்கு சமமா மூச்சு ஏறும்.

பெசன்ட் நகர் பீச் கூட்டிட்டு போறவங்களுக்கு ஒண்ணு: உதிரி மணல்ல பத்தடி நடக்குறது ரோட்டுல ஐம்பதடி நடக்குற களைப்ப குடுக்கும். விடிய முன்னாடி போயி அலை நனைச்ச கெட்டி மணல்ல நடக்க விடுங்க, கடல் தண்ணி குடிக்க விடாதீங்க. நீச்சல் வேண்டாம், மூக்க மேல வைக்க தலைய அண்ணாந்தா பின்பக்கம் முழுகிடும்.

சரிஞ்சிட்டா

நாக்கு ஊதா இல்ல செங்கல் சிவப்பு, எச்சி கெட்டியா நூல் மாதிரி, கால் தடுமாறுது, வாந்தி, மயக்கம். இது வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுறதுக்கு முன்னாடி மொதல்ல உடம்ப ஆத்தணும். நாயோட நார்மல் சூடு 101லேருந்து 102.5 ஃபாரன்ஹீட். 105 தாண்டினா உள்ளுறுப்பு பாதிக்க ஆரம்பிக்கும், அங்க ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

நிழலுக்கு கொண்டு போயி தண்ணி ஊத்துங்க, முதுகுல மட்டும் இல்ல, வயிறு, அக்குள், தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையணும், முடிக்குள்ள விரல விட்டு தோல் வரைக்கும் இறக்குங்க. மூக்கு வாய்ல ஊத்தாதீங்க. நம்ம ஊர்ல ஒரு சிக்கல், மே மாசம் மதியம் சின்டெக்ஸ் டேங்க்லேருந்து வர்ற குழாய் தண்ணி கொதிக்கும். அத ஊத்தி பிரயோஜனம் இல்ல. கேன் தண்ணி, பானைத் தண்ணி, இல்ல பக்கெட் தண்ணில ரெண்டு பாட்டில் ஃபிரிட்ஜ் தண்ணி கலந்து ஊத்துங்க. தண்ணியோட காத்தும் வேணும், ஃபேன புல்லா வைங்க, இல்ல எத வச்சாவது விசிறுங்க. ஈரத் துண்ட மேல போர்த்தி விடாதீங்க, கொஞ்ச நேரத்துல அதுவே சூட்ட பிடிச்சு வச்சிக்கும். கட்டிப் பிடிச்சிக்காதீங்க, சுத்தி கூட்டம் நிக்க விடாதீங்க, கழுத்து நேரா இருக்கட்டும். குடிக்க அதுவா கேட்டா ரெண்டு நக்கு, வாயப் பிளந்து ஊத்தக் கூடாது. பாராசிட்டமால் மாதிரி காய்ச்சல் மாத்திரை எதுவும் குடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அந்த மாத்திரை இதுக்கு வேலை செய்யாது, நாய்க்கு விஷமாவும் ஆகலாம்.

தெர்மாமீட்டர் இருந்தா ஆசனவாய்ல வச்சு பாருங்க, 103க்கு இறங்கினதும் தண்ணி ஊத்துறத நிறுத்துங்க, அதுக்கு மேல ஊத்தினா ரொம்ப ஜில்லுன்னு போயிடும். நனைஞ்ச உடம்போடயே வண்டில ஏத்துங்க, காருன்னா ஏசிய புல்லா வைங்க, ஆட்டோவா இருந்தாலும் பரவால்ல, ஓடுற ஆட்டோல ரெண்டு பக்கமும் காத்து வரும். எழுந்து வால ஆட்டிட்டானே இனி என்னன்னு வீட்டுக்கு திரும்பிடாதீங்க. கிட்னி, குடல், ரத்தம் உறையுறதுல வர்ற பாதிப்பு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு தான் தெரியும், ரத்த டெஸ்ட் எடுத்தே ஆகணும்.

வெளிய போக முடியாத நாள்ல

இது தான் வருஷத்துல பாதி நாள் எங்களுக்கு, அதனால இதுல நிறைய பழகிட்டோம். இட்லி தட்டு எடுங்க. குழில ஒவ்வொண்ணா நாலஞ்சு தீனி போட்டு மேல சின்ன பந்தோ கசக்கின துணியோ வச்சு மூடிடுங்க, எந்தக் குழில இருக்குன்னு மோந்து கண்டுபிடிச்சு எடுக்கணும். மொதல் நாள் லட்டு தட்டையே கவுத்துட்டான், மூணாவது நாள் ஒவ்வொரு துணியா அழகா தூக்கி வச்சான். பழைய துண்டுல தீனிய தூவி பாய் மாதிரி சுருட்டிக் குடுக்கலாம். அவன ஒரு ரூம்ல உக்கார வச்சிட்டு வீட்டுல ஒருத்தர் ஒளிஞ்சிக்கிட்டு மெதுவா பேரு சொல்லி கூப்பிடலாம். உக்காரு, இரு, வா, கை குடு, இத பத்து நிமிஷம் ஃபேனுக்கு கீழ சொல்லிக் குடுங்க, அரை மணி நேரம் நடந்த மாதிரி படுத்து தூங்கும். கயிறு இழுக்குற விளையாட்டு கொஞ்சம் ஜாக்கிரதை, வாய் கயிற கவ்விட்டா மூச்சு மொத்தமும் அந்தச் சின்ன மூக்கு வழியா தான் போகணும், அதனால பத்து செகண்ட் இழுத்துட்டு விட்டுடுங்க.

டைல்ஸ் தரைல ஓட விடாதீங்க. பக்குக்கு முட்டிச் சில்லு நகர்ற பிரச்சனை அடிக்கடி வரும், வழுக்கி வழுக்கி ஓடினா இன்னும் மோசம், கோரைப்பாயோ மிதியடி மேட்டோ விரிச்சு விடுங்க. முதுகெலும்பும் பிறவிலயே கோணலா இருக்குற நாய்ங்க உண்டு, சோபாலேருந்து குதிக்குறது, மாடிப்படி ஏறி இறங்குறது எக்சர்சைஸ் ஆகாது. எங்க அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் ரிப்பேர்னா மூணு மாடியும் தூக்கிட்டு தான் ஏறுவேன்.

வெளிய போயிட்டு வந்ததும் கண்ண பாருங்க. மூஞ்சிக்கு முன்னாடி மூக்கு இல்லாததால முள்ளு, புல்லு எல்லாம் நேரா கண்ணுல தான் குத்தும். ஒரு கண்ண இடுக்கினாலோ தண்ணி வடிஞ்சாலோ அன்னைக்கே காட்டணும், கண்ணுல புண்ணு ஒரு ராத்திரில பெருசாயிடும். மூக்கு மடிப்பு ஈரத்த துடைச்சு காய வைங்க. விரல் இடுக்கு, காதுக்குள்ள உண்ணி இருக்கான்னு தடவிப் பாருங்க. உண்ணிக் காய்ச்சல் வந்தா ரத்தம் குறைஞ்சு ஈறு வெளுத்துப் போகும், நேத்து வரைக்கும் நல்லா நடந்தவன் இன்னைக்கு நாலு வீடு தாண்ட முடியாம நின்னான்னா வெயில மட்டும் காரணம் சொல்லாதீங்க, உதட்ட தூக்கி ஈற பாருங்க.

கடைசியா, நீங்க இல்லாதப்போ யாரு கூட்டிட்டு போறாங்களோ அவங்களுக்கும் இது தெரியணும். எங்க சித்தப்பா பையன் லீவுக்கு வந்தப்போ பாசத்துல பார்க் வரைக்கும் ஓட வச்சிட்டு வந்துட்டான், நல்லவேளை அது ஜனவரி. அதுலேருந்து லட்டுவோட செயின் மாட்டுற ஆணிக்கு பக்கத்துல ஒரு அட்டை ஒட்டியிருக்கோம். டாக்டர் நம்பர், ராத்திரி திறந்திருக்குற ஆஸ்பத்திரி நம்பர், அவனோட எடை, அதுக்கு கீழ அம்மா கையெழுத்துல பெருசா ஒரே ஒரு வரி: "சத்தம் மாறினா நில்லு, தூக்கிட்டு வா."